இருட்டில் முகம் தெரிய வேண்டும்: வீட்டுக்கு வெளியே உள்ள கேமராவின் இரவுப் படத்தைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு 2 மணி 13 நிமிடம். கேட்டைத் தாண்டி ஒருவர் உள்ளே வருகிறார். திரையில் முற்றம் முழுக்கப் பளிச்சென்று தெரிகிறது. சுவரோரம் சுருட்டி வைத்த தண்ணீர்க் குழாயின் சுற்றுகளைக்கூட எண்ணிவிடலாம். வந்தவர் மட்டும் புகையாக இருக்கிறார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கறை. கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணியால் இழுத்த மாதிரி ஒரு தடம். சைக்கிளை எடுத்துக்கொண்டு 40 விநாடியில் போய்விட்டார். அந்தப் பதிவை நிறுத்தி நிறுத்தி எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. ஒரு ஃபிரேமில்கூட முகம் கிடைக்கவில்லை.

கேமராவில் பழுது எதுவும் இல்லை. பெட்டியில் போட்டிருந்த ‘30 மீட்டர் இரவுப் பார்வை’யும் உண்மைதான். 30 மீட்டரில் ஏதோ அசைகிறது என்பது தெரியும். ஆனால் அசைவது யார் என்று தெரிய வேண்டுமானால் அதில் கால்வாசி தூரம்கூடத் தேறாது. அதைவிட முக்கியமான விஷயம், தொழிற்சாலையிலிருந்து வரும் அமைப்பு அசையாத காட்சியைப் பிரகாசமாகக் காட்டும் வகையில் இருந்தது. அசையும் மனிதரை அது பலி கொடுத்துவிட்டது.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதற்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: ஒருவர் சாதாரண வேகத்தில் நடந்து வரும்போது, பதிவை எந்த இடத்தில் நிறுத்தினாலும் முகம் தெரிகிறதா? படம் கொஞ்சம் இருண்டிருக்கலாம், புள்ளிகள் கூடத் தெரியலாம். முகம் தெரிந்தால் போதும்.

படி 1: எதையும் தொடுவதற்கு முன் நடந்து பாருங்கள்

நன்றாக இருட்டிய பிறகு வீட்டில் ஒருவரை வெளியே அனுப்புங்கள். கேமராவிலிருந்து 3, 5, 8, 12 மீட்டர் தூரங்களில் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு வையுங்கள். அவர் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு நொடி நிற்கட்டும், பிறகு கேமராவை நோக்கி நடக்கட்டும், பிறகு குறுக்கே நடக்கட்டும், கடைசியாக ஓடட்டும். தொப்பி போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை.

நேரலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓடும் படத்தில் நம் கண் குறைகளைத் தானே நிரப்பிக்கொள்ளும். சேமித்த பதிவைத் திறந்து, நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். நாலைந்து படங்களை எடுத்து வையுங்கள். பிற்பாடு ஒவ்வொரு மாற்றத்தையும் இவற்றோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

இந்தப் படங்களே நோய் எது என்று சொல்லிவிடும். நிற்கும்போது தெளிவாகவும் நடக்கும்போது இழுபட்டும் தெரிந்தால் ஷட்டரோ (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா கண்ணைத் திறந்து வைக்கும் நேரம்) இரைச்சல் நீக்கமோ (படத்தின் புள்ளிகளைத் துடைக்கும் அமைப்பு) காரணம். அருகில் வந்ததும் முகம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்தால் ஐஆர், அதாவது கேமரா வீசும் அகச்சிவப்பு வெளிச்சம், அதிகம். நின்றாலும் நடந்தாலும் மங்கலாக இருந்தால் ஃபோகஸ். படம் முழுக்கப் பால் ஊற்றியது போல இருந்தால் அழுக்கோ எதிரொளிப்போ. மணல் தூவியது போல இருந்தால் வெளிச்சப் பற்றாக்குறை. பெரும்பாலான வீடுகளில் இவற்றில் இரண்டு சேர்ந்தே இருக்கும்.

படி 2: லென்ஸுக்கு முன்னால் இருப்பதைச் சுத்தம் செய்யுங்கள்

பகலில் ஓர் அழுக்கும் தெரியாத கேமரா இரவில் பனிமூட்டமாகக் காட்டும். காரணம் எளிது. பகலில் வெளிச்சம் எங்கிருந்தோ வருகிறது. இரவில் லென்ஸைச் சுற்றியுள்ள ஐஆர் எல்இடிகளிலிருந்தே கிளம்புகிறது. கண்ணாடியில் ஒட்டிய தூசிமீது அது முதலில் பட்டு, நேராக லென்ஸுக்குள் திரும்பி வருகிறது.

முதலில் காற்று ஊதி மணல் துகள்களைப் போக்குங்கள். பிறகு சில துளி சோப்பு கலந்த நீரில் மென்மையான மைக்ரோஃபைபர் துணியை நனைத்துத் துடையுங்கள். காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும்; அந்தக் கீறல் ஒவ்வொரு இரவும் மின்னிக்கொண்டிருக்கும். டோம் கேமராவின் அரைக்கோள மூடி பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதில் தின்னர், அசிட்டோன், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் எதுவும் படக்கூடாது. புதிதாக மாட்டிய டோமில் பாதுகாப்புக்காக ஒட்டி வந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தாகிவிட்டதா என்றும் பாருங்கள். உரிக்காமலே மாதக்கணக்கில் ஓடும் கேமராக்களைக் கண்டிருக்கிறேன்.

டோம் கேமராவில் இன்னொரு இடம் உண்டு. லென்ஸைச் சுற்றி ஒரு நுரை வளையம் இருக்கும். எல்இடியின் வெளிச்சம் மூடியின் உட்புறம் பட்டு லென்ஸுக்குள் போகாமல் தடுப்பது அதுதான். மூடியைக் கழற்றி மாட்டும்போது அந்த வளையம் மூடியோடு அழுந்தி உட்காராவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் மூட்டம் போகாது.

படத்தின் ஓரத்தில் சன்ஷேடு, மழைநீர்க் குழாய், சுவர், தொங்கும் இலை என ஏதாவது நெருக்கமாகத் தெரிகிறதா? அதுவும் எதிரிதான். அருகில் இருக்கும் வெள்ளைச் சுவர் ஐஆரை அள்ளித் திருப்பியனுப்பும். ‘வெளிச்சம் நிறைய இருக்கிறது’ என்று நினைத்து கேமரா படத்தை இருட்டாக்கும். கேட் பக்கம் கருங்குகையாகிவிடும். கேமராவைச் சற்று முன்னால் தள்ளி மாட்டுங்கள், அல்லது சுவர் தெரியாதபடி கோணத்தைத் திருப்புங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை: மெனுவில் ஐஆரை அணைத்து, வேறொரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். மூட்டம் மறைந்தால் குற்றவாளி எதிரொளிப்புதான்.

ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே கேமராவை வைத்து வெளியே பார்ப்பவர்களுக்கு இரவில் தெரிவது கண்ணாடியில் பட்ட தங்கள் ஐஆர் மட்டுமே. ஐஆரை அணைத்துவிட்டு வெளியே ஒரு விளக்குப் போடுவது தவிர அதற்கு வழியில்லை.

சிலந்தி தனிக் கதை. கேமராவைச் சுற்றிப் பூச்சி வருகிறது, பூச்சியைத் தேடிச் சிலந்தி வருகிறது. லென்ஸுக்கு ஐந்து சென்டிமீட்டர் முன்னால் ஆடும் ஒற்றை இழை, திரையில் வெள்ளைக் கயிறு போலத் தெரியும். காற்றடிக்கும் ஒவ்வொரு தடவையும் ‘அசைவு’ என்று செய்தி வரும். வாரம் ஒருமுறை நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் தட்டிவிடுவது தற்காலிக வைத்தியம். நிரந்தர வைத்தியம் படி 5-இல் வருகிறது.

படி 3: ஃபோகஸை இருட்டில் வையுங்கள்

லென்ஸைக் கையால் திருகி அமைக்கும் கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது. நிலையான லென்ஸ் என்றால் தாண்டிப் போகலாம்.

கேமராவை மாட்டுபவர்கள் பகலில் வருகிறார்கள், பகலில் ஃபோகஸ் வைக்கிறார்கள். ஐரிஸ், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் துளை, தானாக இயங்கும் லென்ஸில், பகல் வெளிச்சத்தில் அது சுருங்கியிருக்கும். துளை சுருங்கினால் அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும். ஃபோகஸ் கொஞ்சம் தவறினாலும் கண்ணுக்குப் படாது. இரவில் துளை முழுதாக விரியும்போது அந்தத் தவறு அம்பலமாகும். போதாததற்கு, ஐஆர் கதிரின் அலைநீளம் அதிகம் என்பதால் அது குவியும் இடமும் சற்று மாறுகிறது. அதைத் திருத்திச் செய்யப்பட்ட லென்ஸ்கள் உண்டு. மலிவானவற்றில் அந்தத் திருத்தம் குறைவு.

எனவே இருட்டிய பின், ஐஆர் எரியும்போது அமையுங்கள். உங்களுக்கு முகம் வேண்டிய தூரத்தில் ஒருவரை நிறுத்தி, பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள். எழுத்தின் விளிம்பு கூர்மையாகும்வரை திருகுங்கள். டோம் என்றால் மூடியை மாட்டிய பிறகு மறுபடி பாருங்கள். மறுநாள் பகலில் ஒரு பார்வை பார்த்தால் வேலை முடிந்தது.

படி 4: ஒரே கேமராவிடம் எல்லாவற்றையும் கேட்காதீர்கள்

கண்காணிப்புக் கேமராக்களுக்கான இஎன் 62676-4 என்ற ஐரோப்பியத் தரநிலையின் 2015 பதிப்பு, காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்று கணக்குப் போடச் சொல்கிறது. யாரோ இருக்கிறார்கள் என்று அறிய 25 பிக்சல். தெரிந்த ஒருவரை இன்னார் என்று சொல்ல 125. முன்பின் பார்க்காத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண 250.

இதை உங்கள் வாசலுக்குப் போட்டுப் பாருங்கள். 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2560 பிக்சல் அகலம். மீட்டருக்கு 250 வேண்டுமென்றால் காட்சி சுமார் 10 மீட்டர் அகலத்துக்கு மேல் விரியக்கூடாது. வீடுகளில் அதிகம் மாட்டப்படும் 2.8 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணம் ஏறக்குறைய 100 டிகிரி. அதில் 4 மீட்டர் தூரம் சென்றதும் காட்சி 10 மீட்டர் விரிந்துவிடும். ஆக, அந்தக் கேமரா ஓர் அந்நியரின் முகத்தைத் தரக்கூடிய எல்லை நாலு மீட்டர் சொச்சம். அதுவும் பகலில். இரவில் புள்ளிகளும் மங்கலும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதே கேமரா 6 மி.மீ. லென்ஸோடு வந்தால் எல்லை சுமார் 10 மீட்டர்வரை போகும், பக்கவாட்டில் பார்வை குறுகும்.

அதனால் என் யோசனை: முற்றம் முழுக்கப் பார்க்க ஓர் அகலக் கேமரா. ஆள் தவிர்க்கவே முடியாமல் கடந்தாக வேண்டிய ஓர் இடத்தை, அதாவது கேட், படிக்கட்டின் தொடக்கம் அல்லது பின்கதவை, மட்டும் பார்க்க ஒரு குறுகிய கேமரா. இரண்டாவது வாங்க வசதியில்லை என்றால், இருக்கும் ஒன்றை அந்தக் கடக்கும் இடத்துக்கு அருகே இறக்கி மாட்டுங்கள். முற்றத்தின் பாதியை இழந்தாலும் பரவாயில்லை.

உயரம் சுமார் இரண்டரை மீட்டர் இருக்கட்டும். கை எட்டாது, முகமும் கிடைக்கும். மாடி உயரத்தில் மாட்டிய கேமரா தலையுச்சியையும் தொப்பியையும்தான் பதிவு செய்யும். தெருவிளக்கோ வாசல் பல்போ நேராகக் காட்சிக்குள் வராதபடி திருப்புங்கள். ஒரே ஒரு பல்பு போதும், மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிட.

படி 5: வெளிச்சம்

மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருவது இந்தப் படிதான். மெனுவில் மணிக்கணக்காகத் துழாவுவதைவிட ஒரு நல்ல விளக்கை நல்ல இடத்தில் மாட்டுவது மேல்.

முதலில் ஐஆர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 400 முதல் 700 நானோமீட்டர்வரை. கேமராவின் சிலிக்கான் சென்சார் அதற்கு மேலும் பார்க்கும். பகலில் அந்தக் கூடுதல் கதிர் நிறங்களைக் கெடுக்கும் என்பதால் லென்ஸுக்குப் பின்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி நிற்கிறது. இருட்டியதும் அது விலகும். அந்திநேரத்தில் கேமராவிலிருந்து ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்டிருந்தால், அது இதுதான். அதன்பின் கேமரா கருப்பு வெள்ளைக்கு மாறி, தன் ஐஆர் எல்இடிகளை நம்பி நிற்கும்.

ஐஆர் விளக்குகளில் இரண்டு வகை புழக்கத்தில் உள்ளன. 850 நானோமீட்டர் வகையை இருட்டில் நேராகப் பார்த்தால் மங்கிய சிவப்புக் கனல் தெரியும். 940 வகை கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சென்சாருக்கும் அதன்மேல் உணர்திறன் கணிசமாகக் குறைவு, எட்டும் தூரமும் குறையும். மறைவாக வைத்தே ஆக வேண்டிய காரணம் இருந்தால் ஒழிய வீட்டுக்கு 850 போதும். எல்இடிகள் எல்லாம் எரிகின்றனவா என்று பார்க்க, இருட்டில் கைபேசியின் செல்ஃபி கேமராவை அவற்றை நோக்கிப் பிடியுங்கள். பல கைபேசிகளில் அவை ஊதா அல்லது வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்.

இப்போது தூரம். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் குறையும். 3 மீட்டரில் நிற்பவர்மேல் விழும் வெளிச்சத்தில் கால் பங்குதான் 6 மீட்டரில் விழும். 12 மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. அருகில் வருபவர் முகம் வெளுப்பதும் கேட் இருண்டு கிடப்பதும் ஒரே விளக்கின் இரண்டு முகங்கள். பல கேமராக்களில் ‘ஸ்மார்ட் ஐஆர்’ என்று ஓர் அமைப்பு உண்டு. ஆள் நெருங்க நெருங்க எல்இடியின் பலத்தைக் குறைக்கும். அதைப் போட்டு வையுங்கள். இல்லையென்றால் ஐஆர் பலத்தைக் கையால் குறைத்து, முகம் வேண்டிய தூரத்துக்குச் சரியாக வையுங்கள்.

இதற்கு மேல் போக விரும்புபவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது, தனி ஐஆர் விளக்கு. கேமராவின் சொந்த ஐஆரை அணைத்துவிட்டு, ஒரு மீட்டர் இரண்டு மீட்டர் தள்ளி, அல்லது கேட்டுக்கு இன்னும் அருகே, தனி விளக்கை மாட்டுங்கள். வெளிச்சமும் லென்ஸும் பிரிந்துவிடுவதால் பல தொல்லைகள் ஒரே நாளில் தீரும். லென்ஸருகே இருக்கும் பூச்சியும் சிலந்தி இழையும் வெளிச்சம் பட்டுப் பளிச்சிடாது. மழைத்துளியும் தூசியும் வெள்ளைக் கோடுகளாகச் சீறாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் மூக்கின் நிழலும் கன்னத்தின் மேடும் தெரியும். தட்டையான வெள்ளை முகமூடி, முகமாக மாறும். என் வீட்டில் இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான், 8 மீட்டர் கோட்டில் நின்ற என் தம்பிக்குக் கண்ணாடி போட்டிருக்கிறது என்பதே படத்தில் தெரிந்தது. விளக்கு வாங்கும்போது அதன் ஒளிக்கோணம் லென்ஸின் கோணத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 100 டிகிரி லென்ஸுக்கு 30 டிகிரி விளக்கைப் போட்டால் நடுவில் வெள்ளை வட்டமும் சுற்றிலும் இருளும்தான் கிடைக்கும்.

கண்ணுக்குத் தெரியும் விளக்கு இன்னும் நல்லது. நிறம் கிடைக்கும்: சட்டையின் நிறம், வண்டியின் நிறம், பையின் நிறம். இதில் பலர் செய்யும் தவறு, ஆள் வந்தால் மட்டும் ‘பளீர்’ என்று எரியும் ஃபிளட் லைட்டை மட்டும் நம்புவது. எரிந்த முதல் ஓரிரு விநாடி, கேமரா அந்த வெளிச்சத்துக்குப் பழகும்வரை, படம் முழுக்க வெளுத்துக் கிடக்கும். வந்தவர் நிமிர்ந்து பார்க்கும் கணம் அநேகமாக அதுதான். சிறிய வாட் விளக்கு ஒன்று இரவு முழுக்க மங்கலாக எரியட்டும்; வேண்டுமானால் ஃபிளட் லைட் அதன்மேல் கூடுதலாக எரியட்டும். அப்போது தாவல் குறைவாக இருக்கும்.

விளக்கு கேமராவுக்கு மேலேயோ பக்கத்திலேயோ இருந்து, கேமரா பார்க்கும் திசையிலேயே வெளிச்சம் விழ வேண்டும். வருபவருக்குப் பின்னால் விளக்கு இருந்தால் நிழலுருவம்தான் கிடைக்கும். பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் வெளிச்சமோ கேமராவின் பார்வையோ போகாமல் திருப்பி வையுங்கள். அவர்களும் இரவில் தூங்க வேண்டும்.

படி 6: மெனுவுக்குள் — ஷட்டரிலிருந்து தொடங்குங்கள்

என் கேமராவில் அந்த ஆளைப் புகையாக்கியது இந்த ஓர் எண்தான். ஷட்டர் ‘ஆட்டோ’வில் இருந்தது. இருட்டியதும் கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1/6 விநாடி கண்ணைத் திறந்து வைத்தது. முற்றம் பிரகாசமாகத் தெரிந்ததன் ரகசியம் அதுவே.

கணக்கைப் பாருங்கள். சாதாரணமாக நடக்கும் ஒருவர் விநாடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் போகிறார். 1/6 விநாடியில் 23 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். முகத்தின் அகலம் சுமார் 15 சென்டிமீட்டர். ஒரே ஃபிரேமுக்குள் முகம் தன் அகலத்தைத் தாண்டி நகர்கிறது. அதில் கண் எங்கே, வாய் எங்கே? 1/25-இல் நகர்வு 5.6 சென்டிமீட்டர். 1/50-இல் 2.8. 1/100-இல் 1.4.

எனவே இரவுக்கான ஷட்டரைக் கையால் பூட்டுங்கள்: மெதுவானது 1/50, முடிந்தால் 1/100. உங்கள் நாட்டு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120; இல்லாவிட்டால் விளக்கின் துடிப்பு படத்தில் பட்டைகளாக ஓடும். ‘ஸ்லோ ஷட்டர்’ என்று தனியாக ஓர் அமைப்பு இருந்தால் அணையுங்கள். படம் சட்டென்று இருளும். பயப்படாதீர்கள், நடைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இருண்ட படத்தில் மூக்கும் காதும் இருக்கும்.

அடுத்து கெயின். சென்சாரில் விழுந்த சிறிதளவு வெளிச்சத்தை மின்முறையில் பெருக்குவது இது. கூடவே மணல் போன்ற இரைச்சலையும் பெருக்கும். 100 வரை எண் கொடுத்திருக்கும் மெனுவில் மேல்வரம்பை 50 அல்லது 60-இல் நிறுத்தித் தொடங்கி, ஐந்து ஐந்தாக ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, இரைச்சல் நீக்கம், மெனுவில் டி.என்.ஆர். என்று இருக்கும். முந்தைய ஃபிரேம்களோடு ஒப்பிட்டுப் புள்ளிகளைத் துடைப்பது இதன் வேலை. அளவு மீறினால் நடப்பவரின் பின்னால் வால் போல நிழல் இழுபடும், முகத்தின் நுணுக்கங்கள் மெழுகாக உருகும். நடு அளவிலிருந்து கீழே இறக்கியே வையுங்கள்; கொஞ்சம் மணல் இருப்பதில் தப்பில்லை.

பிரகாசமான பகுதியையும் இருண்ட பகுதியையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்ட முயலும் டபிள்யூ.டி.ஆர்., பகலில் வெயிலும் நிழலும் கலந்த வாசலுக்கு நல்லது. இரவில் இரைச்சலைக் கூட்டும், அசைவில் இரட்டை உருவம் தரும். இரவு அமைப்பில் அணையுங்கள். வண்டி முகப்பு விளக்கு அடிக்கடி கண்ணைக் குத்தும் இடமென்றால் எச்.எல்.சி. எனப்படும் அதிவெளிச்ச அடக்கத்தை மட்டும் முயன்று பாருங்கள்.

வரிசை முக்கியம். ஷட்டர், கெயின், இரைச்சல் நீக்கம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் குறித்து வையுங்கள். மூன்றையும் சரிசெய்த பிறகும் முகம் இருட்டாக இருந்தால் ஷட்டருக்குத் திரும்பாதீர்கள். படி 5-க்குத் திரும்பி வெளிச்சத்தைக் கூட்டுங்கள். வைஃபையில் ஓடும் எளிய கேமராக்கள் சிலவற்றில் ஷட்டர் அமைப்பே வெளியில் தெரியாது. அவற்றுக்கு விளக்குதான் ஒரே ஷட்டர்: வெளிச்சம் கூடினால் அவை தாமாகவே வேகமாகும்.

படி 7: அந்திநேரத் தடுமாற்றம்

இருட்டும் நேரத்தில் படம் நிறத்துக்கும் கருப்பு வெள்ளைக்கும் மாறி மாறித் தாவினால், மாறுதலுக்கான தாமதத்தைக் கூட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் நேரத்தைக் கொடுத்து அட்டவணைப்படி மாற வையுங்கள். பருவத்துக்கு ஏற்ப அதைத் திருத்த மறக்கக் கூடாது. பகலுக்கு ஓர் அமைப்பு, இரவுக்கு ஓர் அமைப்பு என்று தனித்தனியாகச் சேமிக்கும் வசதி இருந்தால், படி 6-இல் செய்தவற்றை இரவுக்கு மட்டும் சேமியுங்கள்.

படி 8: இரவில் மட்டும் கேமரா அணைந்து அணைந்து எரிகிறதா?

பகலெல்லாம் ஒழுங்காக ஓடி, இருட்டியதும் ரீஸ்டார்ட் ஆகும் கேமராவைப் பலர் பழுதென்று தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் பிரச்சினை கேபிளில் இருக்கும். ஐஆர் எரியத் தொடங்கியதும் கேமரா இழுக்கும் மின்னோட்டம் இரண்டு மடங்குக்கும் மேல் உயரலாம்.

ஓர் உதாரணம்: 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 30 மீட்டர் தள்ளி ஒரு கேமரா, நடுவில் 0.5 சதுர மி.மீ. தாமிரக் கம்பி. போக வர 60 மீட்டர் கம்பியின் மின்தடை சுமார் 2.1 ஓம். பகலில் 0.3 ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.6 வோல்ட், கேமராவுக்கு 11.4 கிடைக்கும். இரவில் 0.8 ஆம்பியர் ஆனால் இழப்பு 1.7; கேமராவுக்கு மிஞ்சுவது 10.3 வோல்ட். அலுமினியத்தில் தாமிரப் பூச்சு பூசிய கம்பியாக இருந்தால் இன்னும் மோசம். இரவில் ஐஆர் எரியும்போது கேமரா முனையில் மல்டிமீட்டரை வைத்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும். தடித்த கேபிள் போடலாம், அடாப்டரைக் கேமராவுக்கு அருகே மழை படாத பெட்டிக்குள் கொண்டுபோகலாம். நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும் பிஓஇ முறைக்கு மாறினால் 100 மீட்டர்வரை இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. அதன் அடிப்படை வகை, கேபிளின் மறுமுனையில் கேமராவுக்கு 12.95 வாட்வரை தரும்.

படி 9: பதிவும் எச்சரிக்கையும்

இரைச்சல் மிகுந்த இரவுப் படத்தைச் சுருக்குவது கடினம். பிட்ரேட், அதாவது விநாடிக்குப் பதிவாகும் தரவின் அளவு, போதாவிட்டால் முகம் சதுரம் சதுரமாகச் சிதையும். நேரலையில் தெளிவாகவும் பதிவில் சிதைந்தும் இருந்தால் இதுதான் காரணம். 4 மெகாபிக்சலுக்கு எச்.265 என்ற சுருக்க முறையில், விநாடிக்கு 15 ஃபிரேம் வைத்து, விநாடிக்கு 4 மெகாபிட் கொடுத்துத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு சுமார் 43 ஜிபி பிடிக்கும். 25 ஃபிரேமுக்கு ஆசைப்பட வேண்டாம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக பிட் கிடைப்பது மேல்.

எச்சரிக்கை விஷயத்தில், வெறும் அசைவைப் பார்த்துக் கத்தும் அமைப்பை இரவில் வைத்தால் விட்டில் பூச்சிக்கெல்லாம் கைபேசி அலறும். நாலாவது நாள் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள். அது நடக்கவே கூடாது. மனிதர், வாகனம் என்று பிரித்தறியும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். கேட்டுக்குள் மட்டும் எல்லை வரையுங்கள். தெருவையும் மரக்கிளையையும் விலக்குங்கள். பேட்டரியில் ஓடும் கேமராக்களின் உடல்வெப்ப சென்சார், நேராக வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை விரைவில் உணரும். வழிக்குக் குறுக்காக அதைத் திருப்பி மாட்டுங்கள்.

வண்டி எண் வேண்டுமென்றால்

முகத்துக்கு அமைத்த கேமராவிடம் எண் பலகையை எதிர்பார்க்க முடியாது. ஒளியைத் திருப்பியனுப்பும் பூச்சுள்ள பலகை ஐஆர் பட்டால் வெள்ளைச் செவ்வகமாக எரிந்துவிடும். அதற்கென்று குறுகிய லென்ஸோடு ஒரு கேமரா, ஷட்டர் 1/500 அல்லது அதற்கும் வேகமாக, பலகைக்கு நேர் எதிரிலிருந்து 30 டிகிரிக்குள் வேண்டும். அந்தக் கேமராவில் பலகையும் விளக்குகளும் தவிர மற்றதெல்லாம் இருட்டாகவே இருக்கும்; அது சரிதான்.

புதிதாக வாங்குவதாக இருந்தால்

மெகாபிக்சலைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரே 1/2.8 அங்குல சென்சாரில் 2 மெகாபிக்சல் என்றால் ஒவ்வொரு பிக்சலும் சுமார் 2.9 மைக்ரான், 8 மெகாபிக்சல் என்றால் சுமார் 1.45 மைக்ரான். பிக்சலின் பரப்பு நாலில் ஒன்றாகிறது, அது வாங்கும் வெளிச்சமும் அப்படியே. இரவுதான் கவலை என்றால் 1/1.8 அங்குல சென்சாரில் 4 மெகாபிக்சல் நல்ல சமநிலை. லென்ஸின் துளை எவ்வளவு விரியும் என்று காட்டும் எஃப் எண் சிறியதாக இருக்கட்டும்: எஃப்1.0 லென்ஸ், எஃப்2.0 லென்ஸைவிட நாலு மடங்கு வெளிச்சம் வாங்கும். இரவிலும் நிறம் காட்டும் என்று விற்கப்படும் கேமராக்கள் இப்படிப்பட்ட லென்ஸை நம்பியே இயங்குகின்றன. கும்மிருட்டில் அவற்றுக்கும் ஒரு விளக்கு வேண்டும்.

எவ்வளவு மங்கிய வெளிச்சத்திலும் படம் தெரியும் என்று சொல்ல, பெட்டியில் போடும் ‘0.0005 லக்ஸ்’ போன்ற எண்களை ஒதுக்கிவிடுங்கள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு). பௌர்ணமி நிலவே தரையில் தருவது சுமார் 0.1 முதல் 0.3 லக்ஸ்தான். ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்து அந்த எண்ணை எடுத்தார்கள் என்பதைச் சொல்லாதவரை அதற்குப் பொருளில்லை. வடிவத்தில் டோமைவிட, மூடியில்லாத டரெட் வகையே இரவுக்கு ஏற்றது. லென்ஸும் ஐஆரும் தனித்தனிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்.

ஏதாவது நடந்துவிட்டால்

பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படும்முன் அந்தத் துண்டைப் பூட்டுங்கள், அல்லது வெளியே எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். திரையைக் கைபேசியால் படம் பிடித்து அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். மூலக் கோப்பில் உள்ள நுணுக்கம் அதில் பாதிகூட இருக்காது. கேமராவின் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்னே பின்னே ஓடுகிறது என்பதையும் எழுதிக் கொடுங்கள். இப்போதே இணைய நேரத்தோடு இணைத்துவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.

கருப்பு வெள்ளைப் பதிவாக இருந்தால் உடையின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். பல கருப்புத் துணிகள், குறிப்பாகச் செயற்கை இழைத் துணிகள், ஐஆரில் வெளிர் சாம்பலாகவோ வெள்ளையாகவோ தெரியும். பச்சை இலை பனி படர்ந்தது போல வெளுத்திருக்கும். ‘வெள்ளைச் சட்டை’ என்று நீங்கள் சொல்லிவிட்டால், கருப்புச் சட்டையோடு நிற்பவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உயரம், நடை, கையில் இருந்த பொருள், வந்த திசை, போன திசை: இவற்றைச் சொல்லுங்கள்.